ஐந்து ரோல் போர்ச்சுகல்

நியூ ஜெர்ஸியில் ஃபிலிம் கழுவித் தரும் மருந்துக்கடை ஒன்றின் ஃபோட்டோ கவுண்டரில் இருந்த பெண் உறையைப் பிரித்தாள். உள்ளேயிருந்த ஸ்லைடு ஃபிலிம் சுருளை ஒரு முழம் இழுத்து, மேலே எரிந்த குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நானும் அண்ணாந்து பார்த்தேன்.

கறுப்பு.

இன்னும் ஒரு முழம் இழுத்தாள். அதுவும் கறுப்பு. இரண்டாவது உறை, மூன்றாவது உறை. ஐந்தாவது உறைக்கு வரும்போது அவள் முகத்தில், நாய்க்குட்டியைத் தொலைத்தவரிடம் பேசும்போது வருகிற கனிவு வந்துவிட்டது.

"எதுவுமே பதிவாகலை, சார். ஃபிலிம் கேமராவுக்குள்ள நகரவே இல்லைன்னு நினைக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நகரவே இல்லையா? ஒவ்வொரு தடவையும் க்ளிக் சத்தம் கேட்டதே?"

"சத்தம் கேட்கும். ஃபிலிம் நுனியை எதிர்ப்பக்க உருளையில மாட்டணும். மாட்டலைன்னா கேமரா சத்தம் மட்டும்தான் போடும்."

பத்து நாள். ஐந்து ரோல். ரோலுக்கு முப்பத்தாறு படம். லிஸ்பன் நகரத்து மேடுகள், போர்த்தோவின் இரும்புப் பாலம், நீல ஓடு பதித்த ரயில் நிலையங்கள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற என் மனைவி கோமதி, அவள் பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற எங்கள் ஏழு வயது மகள் பிரியா. எல்லாம் வெறும் சத்தம்.

என் கவலை போர்ச்சுகலுக்காக மட்டும் இல்லை. வருகிற சனிக்கிழமை மதியம், எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், 'போர்ச்சுகல்: ஒரு ஸ்லைடு பயணம், வழங்குபவர் செல்வம்' என்று நிகழ்ச்சி போட்டிருந்தார்கள். ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக்கடைக் கண்ணாடியில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. யாராவது படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே அந்த வாரம் மூன்று தடவை போய்த் தேவையில்லாமல் கொத்தமல்லி வாங்கி வந்தேன். யாரும் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பொன்னி அரிசி விளம்பரத்தைத்தான் படித்தார்கள்.

கேமரா விஷயத்தில் முழுப் பழியும் என்னுடையதுதான். ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் பழைய ஜப்பான் கேமராவை வாங்கியபோதே, "ஒரு ரோல் இங்க எடுத்துப் பார்த்துட்டுப் போலாமே" என்று கோமதி சொன்னாள். நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

"கோமதி, நான் இன்ஜினியர்" என்றேன்.

போர்ச்சுகலில் ஒவ்வொரு ரோலும் முடிந்து பின்னால் சுற்றும்போது அந்தச் சின்னக் கைப்பிடி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது. "பாத்தியா, ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்" என்று அவளிடம் காட்டிக் காட்டிச் சுற்றினேன். ஃபிலிம் மாட்டவில்லை என்பதால்தான் அது அப்படிச் சுற்றியது என்பதை ஒரு மருந்துக்கடைப் பெண் சொல்லித்தான் இன்ஜினியருக்குத் தெரியவேண்டியிருந்தது.

ஜன்னலில் தொடங்கிய நாடு

எதற்காகப் போர்ச்சுகல் என்று கேட்பீர்கள். அப்போதும் எல்லோரும் கேட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்ஸித் தமிழர்கள் நயாகரா போவார்கள், ஆர்லாண்டோ போவார்கள். வசதி கூடியவர்கள் சுவிட்சர்லாந்து போய், சினிமாவில் நாயகி ஓடிய புல்வெளியைக் கண்டுபிடித்து, அதில் தாங்களும் கொஞ்சம் ஓடிவிட்டு வருவார்கள். போர்ச்சுகலுக்கு யாரும் போனதில்லை. யாரும் போகாத இடம் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

ஆனால் அந்த நாட்டை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அர்மாண்டோ. எங்கள் அபார்ட்மென்ட் கட்டிடத்தின் குழாய், கதவு, ஹீட்டர் எல்லாவற்றையும் பழுது பார்ப்பவர். அந்த வேலையில் இருப்பவரை அங்கே, சூப்பரின்டென்டென்ட் என்பதைச் சுருக்கி, 'சூப்பர்' என்று கூப்பிடுவார்கள். வந்த புதிதில் நான் அதைப் பாராட்டு என்று நினைத்து, அவர் குழாயைத் திறந்து காட்டியபோதெல்லாம் "சூப்பர், சூப்பர்" என்று உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன்.

அர்மாண்டோவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் போர்ச்சுகலில் அவெய்ரோ. வீடு நியூவர்க்கில், போர்ச்சுகீசியர்கள் நிறைந்த தெருக்களில். ஒரு குளிர்காலத்தில் எங்கள் படுக்கையறைக் கண்ணாடி மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் சரிசெய்ய வந்தவர், ஆங்கில வார்த்தை நினைவுக்கு வராமல், கையை நீட்டி "ழனேலா" என்றார்.

அடுப்படியில் இருந்த கோமதி, "ஜன்னலா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மேசையைத் தொட்டு, "மேசை" என்றாள். அவர் "மேசா!" என்றார். சாவியைத் தூக்கிக் காட்டினாள். "ஷாவ்!" அலமாரி, பொத்தான், அன்னாசி, துவாலை, வராந்தா. அரைமணி நேரம் வீடு முழுக்க ஓடி ஓடி இரண்டு பேரும் பொருள்களைத் தொட்டுக் கூவினார்கள். ஜன்னல் திறந்தே கிடந்தது. குளிரில் நானும் பிரியாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கோமதிக்கு ஊர் தூத்துக்குடி. அங்கே போர்ச்சுகல்காரர்கள் விட்டுச்சென்ற பெயர்கள் இன்னும் வாசல் பலகைகளில் இருக்கின்றன. அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பெர்னாண்டோக்கள். அதனால் அவளுக்கு இது வேடிக்கைதானே தவிர ஆச்சரியம் இல்லை. எனக்குத்தான் ஆச்சரியம். கண்டுபிடித்தது அவள் என்றாலும், பார்ட்டிகளில் அதைப் பெருமையாகச் சொன்னவன் நான். "எனக்குப் போர்ச்சுகீஸ் கிட்டத்தட்டத் தெரியும்" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் கோமதி தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

ஒரு தொலைபேசி அழைப்பு

இந்தத் தொடரில் இதுவரை என் அசட்டுத்தனங்களை எழுதிவந்தேன். இது அந்த வகையில் சேராது. ஆனால் இதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

நாங்கள் போர்ச்சுகல் போவதற்கு முந்தைய வருடம், ஒரு பிப்ரவரிக் காலை, தூத்துக்குடியிலிருந்து கோமதியின் தம்பி கூப்பிட்டான். அவர்கள் அப்பா உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கோமதி பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். நான் வக்கீலுக்கு ஃபோன் செய்தேன். எங்கள் கிரீன் கார்டு மனு அப்போது பாதியில் நின்றிருந்தது. முன் அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியே போனால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அனுமதிக்கு அவசர விண்ணப்பம் போடலாம், சில நாள் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார் வக்கீல்.

"எப்படியும் எடுக்கிறதுக்குள்ள போய்ச் சேர முடியாது கோமதி. இவ்வளவு வருஷம் காத்திருந்தது எல்லாம் போயிடும். போகாதே" என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை மூடி, அலமாரிக்கு மேலே திரும்ப வைத்தாள். அழுதாளா என்று கேட்டால், நான் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஆபீஸில் ஒரு மீட்டிங் இருந்தது. போனேன்.

அடுத்த வருடம் வசந்தத்தில் கிரீன் கார்டு வந்தது. உடனே இந்தியாவுக்கு டிக்கெட் போட்டேன். போட்டது சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். போகிற வழியில் பத்து நாள் போர்ச்சுகல் என்று நானாக முடிவு செய்து, அவளிடம் கேட்காமலே சேர்த்துவிட்டேன். இன்ப அதிர்ச்சி தரவேண்டும் என்பது திட்டம்.

டிக்கெட்டை நீட்டியதும் அவள் படித்துப் பார்த்தாள்.

"முதல்ல அம்மாவைப் பாத்துட்டு, வரும்போது அங்க போகக் கூடாதாங்க?"

"திரும்பி வரும்போது பிரியாவுக்கு ஸ்கூல் திறந்திடும்."

"சரி" என்றாள். அவள் 'சரி' என்றால் விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தில் என் வழக்கம்.

கொஞ்சம் லெஃப்ட்

லிஸ்பனில் இறங்கிய முதல் நாளே என் மொழியறிவு அம்பலமாகிவிட்டது. தபால் அட்டை எழுத ஒரு பேனா வேண்டும். 'பேனா' போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு கடைக்குள் போய், உரத்த குரலில், தெளிவாக, "பெனா!" என்றேன்.

கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்தாள். "பெனா?" என்றாள்.

"ஆமாம், பெனா. எனக்கு. பெனா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த அம்மாளின் கண் கலங்கியது. கல்லாவைவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்து, "கே பெனா, கே பெனா" என்று தடவிக்கொடுத்தாள். உட்கார நாற்காலி போட்டாள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் ஊரில் இறகு என்றும் பொருள், பரிதாபம் என்றும் பொருள் என்பது பின்னால்தான் தெரிந்தது. இறகுப் பேனாக்கள் ஒழிந்ததும் மிச்சமிருந்தது பரிதாபம்தான்போலும். வெளியே காத்திருந்த கோமதி உள்ளே வந்து, விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். அடுத்த நிமிடம் பேனா வந்தது.

லிஸ்பன் ஏறி இறங்குகிற ஊர். ஒரு தெரு முடிந்தது என்று நினைத்தால் படிக்கட்டாக மாறி மேலே போகும். மஞ்சள் டிராம் வண்டி, சுவரை உரசிவிடுமோ என்று பயமாகும் சந்துகளுக்குள் கிறீச்சிட்டுக்கொண்டு நுழையும். பால்கனிகளில் போர்வை காயும். சாலையோரத்தில் மத்தி மீனைக் கரி அடுப்பில் வாட்டும் புகை தெரு முழுக்க நிற்கும். அடுமனைகளில் உள்ளங்கை அளவு முட்டைப் பலகாரம், மேலே கருகிய புள்ளிகள், அதன்மேல் பட்டைப் பொடி. பிரியா ஒரே நாளில் ஆறு தின்றாள்.

இதையெல்லாம் இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் தவறு. கோமதி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் அந்தப் பத்து நாளும் பார்த்தது கேமராவின் சின்ன ஓட்டை வழியாக மட்டும்தான். என் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தைகள், "கொஞ்சம் லெஃப்ட்", "டிராம் வரட்டும், அசையாதே", "சிரி".

"டாட், மை ஃபேஸ் ஹர்ட்ஸ்" என்றாள் பிரியா, மூன்றாம் நாள்.

மேட்டுத் தெரு ஒன்றில் ஓடு வரையும் பட்டறை இருந்தது. வெள்ளைப் பூச்சு பூசிய சதுர ஓடுகளில் நீலச் சாயத்தால் பூவும் பறவையும் வரைந்துகொண்டிருந்தாள் ஒரு பெண். கோமதி கதவோரம் நின்று பார்த்தாள். அவள் மார்கழி மாதக் கோலத்துக்குப் பெயர்போனவள். வரைந்துகொண்டிருந்த பெண் அவளை உள்ளே கூப்பிட்டு, ஒரு வெற்று ஓட்டையும் தூரிகையையும் கொடுத்தாள். கோமதி உட்கார்ந்து, புள்ளி வைக்கத் தொடங்கினாள். நாலாவது புள்ளியில் நான் உள்ளே தலையை நீட்டினேன்.

"கோமதி, ஆத்தங்கரைக்குப் போகணும். லைட் போயிடும்."

அவள் தூரிகையைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆற்றங்கரையில் வெளிச்சம் அற்புதமாக இருந்தது. ஒன்பது படம் எடுத்தேன். ஒன்பதும் என்ன நிறம் என்பது உங்களுக்குத் தெரியும்.

லூர்தஸ் வீட்டுக் கருவாடு

போர்த்தோவைப் பார்த்துவிட்டு ரயிலில் அவெய்ரோ வந்தோம். ஊருக்குள் கால்வாய் ஓடுகிறது. மூக்கை வளைத்து நிற்கும் படகுகளில் கேலிச் சித்திரங்கள் வரைந்திருந்தார்கள். அங்கே அர்மாண்டோவின் தங்கை வீட்டில் மூன்று நாள் தங்க ஏற்பாடு. அவள் பெயர் லூர்தஸ் என்றதும் கோமதி சிரித்துவிட்டாள். "எங்க தெருவுல மட்டும் நாலு லூர்து உண்டு" என்றாள்.

அடுப்படியில் ஒரு பெரிய பாத்திரத்தில் உப்புப் போட்டுக் காயவைத்த மீன் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கோமதி குனிந்து மோந்து பார்த்தாள். "ஏங்க, கருவாடுங்க!" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

நியூ ஜெர்ஸியில் நாங்கள் கருவாடு பொரித்தால் மாடிக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுவார். இங்கே கேட்பாரில்லை. லூர்தஸ் பாதி மீனைத் தன் முறைப்படி உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் செய்தாள். மீதியைக் கோமதி, கைப்பையில் இருந்து எடுத்த மிளகாய்ப் பொடியோடு தொக்கு செய்தாள். லூர்தஸ் ஒரு வாய் தின்று மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் தட்டை நீட்டினாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு இருபது வார்த்தை இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். நான் முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேமரா முக்காலி.

கடைசி நாள் ஊரின் விளிம்பில் இருந்த உப்பளத்துக்குப் போனோம். சதுரம் சதுரமாகப் பாத்திகள், வெள்ளைக் குவியல்கள், வெறுங்காலோடு வேலை செய்யும் ஆட்கள். நான் வரப்பின்மேல் முக்காலியை நட்டு, கோமதியை உள்ளே போய் நிற்கச் சொன்னேன். அங்கே எடுத்த பதினெட்டுப் படங்கள்தான் ஸ்லைடு காட்சியின் உச்சம் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

அங்கிருந்து தூத்துக்குடி. மூன்று வாரம். அந்த வீட்டில் கேமராவை நான் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அதற்கு அங்கே இடமில்லை என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

புரொஜெக்டர் பல்பு

ஐந்து கறுப்புச் சுருள்களோடு வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு திட்டம் போட்டேன். சங்கத் தலைவரை எல்லோரும் டாக்டர் அங்கிள் என்போம். ஓய்வுபெறும் வயதில் இருந்த குழந்தை மருத்துவர். புரொஜெக்டர் அவருடையது. கூட்டம் தொடங்குமுன் பல்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், 'ஐயோ, பல்பு போய்விட்டதே' என்று நானே முதலில் வருத்தப்படலாம்.

கோமதி மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "அதுக்கப்புறம்? அடுத்த மாசம் வேற பல்பு போட்டுக் காட்டச் சொன்னா?"

அந்த அளவுக்கு நான் யோசித்திருக்கவில்லை.

"போய் படம் இல்லைன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பேசுறேன்."

"நீயா? மேடையிலயா?"

"ஏன், எனக்கு வாயில்லையா?"

சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூட அரங்கம். பின்னால் மேசைகளில் அலுமினியத் தட்டுகளில் புளியோதரையும் வடையும் மூடிவைத்திருந்தார்கள். நூறு நூற்றைம்பது பேர். டாக்டர் அங்கிள் திரையைத் தொங்கவிட்டு, புரொஜெக்டரைப் போட்டுப் பார்த்தார். பல்பு நன்றாகவே எரிந்தது.

"செல்வம், ரெடியாப்பா? ஸ்லைட் எங்க?"

நான் மைக்கைப் பிடித்தேன். "அன்பார்ந்த தமிழ் நெஞ்சங்களே" என்று ஆரம்பித்து, அடுத்த வாக்கியத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். ஃபிலிம் மாட்டாதது, வெண்ணெய் மாதிரி சுற்றியது, ஜப்பான்காரன், மருந்துக்கடைப் பெண். கறுப்புச் சுருளைத் தூக்கிக் காட்டியபோது அரங்கம் சிரித்த சிரிப்பில் பின்வரிசைக் குழந்தை ஒன்று விழித்து அழுதது. முன்வரிசையில் இருந்த என் ஆபீஸ் நண்பர், கேமராவை எனக்குக் கொடுத்தவர், நாற்காலியில் இன்னும் கீழே சரிந்தார்.

"ஸோ, ஸ்லைட் ஷோ கேன்சலா?" என்றார் டாக்டர் அங்கிள்.

"இல்ல அங்கிள்" என்று கோமதி எழுந்து வந்தாள்.

அவள் சொன்னது

முதல் இரண்டு நிமிடம் அவள் குரல் எட்டவில்லை. நான் மைக்கைச் சரிசெய்யப் போனேன். "நீங்க உக்காருங்க" என்றாள். அரங்கம் மறுபடி சிரித்தது. அதன்பிறகு அவளுக்குக் கூச்சம் போய்விட்டது.

டிராம் சந்துக்குள் நுழையும்போது ஒரு கிழவர் ஜன்னலிலிருந்து கை நீட்டி டிரைவருக்குச் செய்தித்தாள் கொடுத்ததைச் சொன்னாள். ஓட்டில் நீலம் பூசும்போது அது சாம்பல் நிறமாக இருக்கும், சூளையில் வெந்த பிறகுதான் நீலமாகும் என்றாள். போர்த்தோவில் பாலத்துக்குக் கீழே பையன்கள் ஆற்றில் குதித்ததைச் சொன்னாள். இவற்றில் எதையும் நான் பார்த்திருக்கவில்லை. அவளோடு அதே இடத்தில்தான் நின்றிருந்தேன்.

பிறகு உப்பளத்துக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வரப்புல நின்னாரு. நான் உள்ள போனேன். அங்க ஒருத்தர் உப்பை இழுத்துக் கூட்டிக்கிட்டிருந்தாரு. நீளக் கழி, நுனியில பலகை. எங்க ஊர்லயும் அதேதான். எனக்கு அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்போல இருந்துச்சு. 'மெவ் பாய், சால்'னேன். எங்க அப்பா, உப்பு. அவ்வளவுதான் வார்த்தை தெரியும். அவரு சிரிச்சாரு. எங்க இருக்காருன்னு கையால கேட்டாரு. நான் மேல காட்டினேன்."

பின்னால் வடைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

"அவரு தொப்பியைக் கழட்டிட்டாரு. பக்கத்துப் பாத்தியில இருந்த ரெண்டு பேரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாரு. அவங்களும் வந்து தொப்பியைக் கழட்டிட்டு நின்னாங்க. அப்புறம் கழியை என் கையில கொடுத்தாரு. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு குவியல் நானே கூட்டினேன். முழுசா. அவங்க நின்னுக்கிட்டே இருந்தாங்க. எங்க அப்பா செத்தப்ப என்னால போக முடியலை. நான்தான் மூத்தவ. அப்பாவுக்குன்னு நான் செஞ்சது அந்த ஒரு குவியல்தான்."

அவர்கள் தொப்பியைக் கழற்றியது எனக்கும் தெரியும். கேமரா வழியாகப் பார்த்தேன். வெயிலில் வழுக்கைத் தலைகள் பளபளத்துப் படம் கெட்டுவிடுமே என்று, வரப்பிலிருந்து இரண்டு கையையும் ஆட்டி, தலையில் தொப்பி வைப்பதுபோல் சைகை காட்டினேன். "போட்டுக்கோங்க, ப்ளீஸ்!" என்று கத்தவும் செய்தேன். அவர்களில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

கோமதி அந்தச் சைகையைப் பற்றி மேடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அரங்கம் சிரித்திருக்கும். இத்தனை வருடம் கழித்து நானாகத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் முடித்தாள். டாக்டர் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அம்மா இறந்தபோது அவர் இங்கே ரெசிடென்ஸிப் பயிற்சியில் இருந்தார் என்று பின்னால் சாப்பாட்டு வரிசையில் சொன்னார். அந்த வரிசையில் அன்று ஏழெட்டுப் பேர் கோமதியிடம் வந்து, தாங்கள் போகாத சாவுகளைச் சொன்னார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அவள் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார்.

சிக்னல்

திரும்பி வரும்போது வெயில் இன்னும் இருந்தது. நான் ஓட்டினேன். கோமதி பக்கத்தில், பிரியா பின்னால். சிவப்பு விளக்கில் நின்றோம்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"எப்ப சொல்ல? நீங்க அப்ப முக்காலியை மடக்கிக்கிட்டிருந்தீங்க. ரயிலுக்கு நேரமாச்சுன்னீங்க."

முன்னால் நின்ற வண்டியின் நம்பரை இரண்டு தடவை படித்தேன்.

"அன்னைக்கு நான் போகாதேன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். ஒன்றரை வருடத்தில் அதைப் பற்றி நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. 'சரி, விடுங்க' என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். அதற்காகத்தான் சொன்னேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

அவள் சொல்லவில்லை.

"ஆமா" என்றாள். "சொல்லியிருக்கக் கூடாது. கார்டு போனா போகட்டும்னு நானும் கிளம்பியிருக்கணும்."

விளக்கு மாறியது. நான் காரை நகர்த்தினேன்.

"அம்மா, வாஸ் தாத்தா டால்?" என்று பின்னாலிருந்து பிரியா கேட்டாள். அவள் அவரைக் கைக்குழந்தையாக ஒரு தடவை பார்த்ததுதான்.

"டால் இல்ல. குள்ளம்" என்றாள் கோமதி. "ஆனா சைக்கிள் மட்டும் பெரிய சைக்கிள். ஏறும்போது ஒரு கல்லு வேணும் அவருக்கு. கல்லு இல்லாத இடத்துல இறங்கவே மாட்டாரு..."

பிரியா சிரித்தாள். கோமதியும் சிரித்துவிட்டு மேலே சொல்லத் தொடங்கினாள். அவள் அப்பாவைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டுக்குத் திரும்பவேண்டிய இடம் வந்தது. நான் திரும்பாமல் நேராகப் போனேன். அடுத்த திருப்பத்தையும் விட்டேன்.

கொஞ்சம் கழித்துத்தான் அவள் வெளியே பார்த்தாள்.

"என்னங்க, வழியை விட்டுட்டீங்களா?"

"ஆமா, விட்டுட்டேன்போல" என்று பொய் சொன்னேன்.

என்னைத் தெரிந்தவள் ஆதலால் அவள் அதைச் சந்தேகப்படவே இல்லை.